ஓசோன் மாதிரிகள் எதில் ஒத்துப்போகின்றன? அடிவளிமண்டல வேதியியல் ஒப்பாய்வுகள் குறித்து ஒரு திறனாய்வு

அடிவளிமண்டல ஓசோன் மாதிரி ஒப்பாய்வு என்பது, காற்றில் ஓசோன் உருவாவதையும் அழிவதையும் கணக்கிடும் பல கணினி மாதிரிகளிடம் ஒரே வினாவைக் கொடுத்து, அவை தரும் விடைகளை அருகருகே வைத்துப் பார்க்கும் முறையாகும். 1990கள் முதல் இத்தகைய ஒப்பாய்வுகள் தொடர்ந்து நடந்து வருகின்றன. ஐபிசிசி எனப்படும் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் அறிக்கைகளில் ஓசோன் பற்றி வரும் எண்களில் பெரும்பாலானவை இவற்றிலிருந்தே எடுக்கப்படுகின்றன.

இவ்வாய்வுகளின் சுருக்கங்களைப் படிக்கும் மாணவர், மாதிரிகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன என்ற எண்ணத்துடன் திரும்புவார். அந்த எண்ணம் பாதிதான் சரி. மாதிரிகள் ஒத்துப்போகும் எண், எளிதில் ஒத்துப்போகக்கூடிய ஓர் எண். எதைக் குறைத்தால் ஓசோன் குறையும் என்று கேட்பவருக்கு வேண்டிய எண் வேறு. இவ்வேறுபாட்டை ஒப்பாய்வுகள் மறைக்கவில்லை. அட்டவணைகளில் எல்லாம் இருக்கிறது. ஆனால் சுருக்கத்தில் அதற்கு உரிய இடம் கிடைப்பதில்லை.

சிக்கலின் வேர்

தரையருகே உள்ள ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேரடியாக வெளிவருவதில்லை. நைட்ரஜன் டை ஆக்சைடு சூரிய ஒளியில் உடைந்து ஓர் ஆக்சிஜன் அணுவை விடுகிறது. அந்த அணு ஆக்சிஜன் மூலக்கூறுடன் சேர்ந்து ஓசோன் ஆகிறது. மிஞ்சிய நைட்ரிக் ஆக்சைடு அதே ஓசோனைத் தாக்கி மீண்டும் நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறுகிறது. இச்சுழற்சி மட்டும் இருந்தால் நிகர வரவு ஏதுமில்லை. கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் ஆகியவற்றை ஹைட்ராக்சில் தனி உறுப்பு ஆக்சிஜனேற்றம் செய்யும்போது பெராக்சி தனி உறுப்புகள் பிறக்கின்றன. இவை ஓசோனைச் செலவழிக்காமலேயே நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றிவிடுகின்றன. ஓசோன் மிகுவது இந்த வழியில்தான்.

ஹைட்ராக்சிலும் ஓசோன் ஒளிச்சிதைவு அடைந்து நீராவியுடன் வினைபுரிவதால்தான் கிடைக்கிறது. ஆக, ஓசோன் இவ்வேதியியலின் விளைபொருள் மட்டுமன்று, அதன் தொடக்கப்பொருளும் கூட. நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைவாக உள்ள இடத்தில் அவற்றைக் கூட்டினால் ஓசோன் கூடும். மிகுதியாக உள்ள நகர மையத்தில் அவை ஹைட்ராக்சிலை நைட்ரிக் அமிலமாக முடக்கிவிடுவதால், அவற்றைக் குறைத்தால்தான் ஓசோன் கூடும். ஒரே நடவடிக்கைக்கு இடத்தைப் பொறுத்து இரண்டு எதிரெதிர் விளைவுகள். மாதிரி தேவைப்படுவதும் இதனால்தான், மாதிரியை எளிதில் நம்ப முடியாததும் இதனால்தான்.

நகரப் புகைமூட்டத்தில் ஓசோன் இவ்வாறு உருவாகிறது என்பதை லாஸ் ஏஞ்சலஸில் ஆரி ஹாகன்-ஸ்மித் 1950களின் தொடக்கத்திலேயே காட்டினார். நகரங்களுக்கு வெளியே உள்ள ஓசோனோ மேலே அடுக்குமண்டலத்திலிருந்து இறங்கிவந்து தரையில் அழிகிறது என்றே வெகுகாலம் கருதப்பட்டது. 1971இல் ஹைரம் லெவி அடிவளிமண்டலத்திலும் ஹைட்ராக்சில் இருக்க வேண்டும் என்று காட்டினார். 1973இல் பால் குருட்சனும், தனியாகச் சமீடிஸ், வாக்கர் இருவரும், ஓசோன் இங்கேயே வேதிவினைகளால் உருவாகிறது என்றனர். மேலிருந்து வருவது எவ்வளவு, இங்கே உருவாவது எவ்வளவு என்ற வழக்கு அன்று தொடங்கியது. அதைத் தீர்ப்பதற்கு மாதிரிகளை விட்டால் வேறு வழி அதிகம் இல்லை.

ஒரே இருப்பு, வேறு வேறு கணக்கு

2001இல் வெளியான ஐபிசிசியின் மூன்றாவது அறிக்கை அக்காலத்து உலகளாவிய மாதிரிகளின் ஓசோன் கணக்கை ஓர் அட்டவணையில் தந்தது. அதில் காற்றிலுள்ள மொத்த ஓசோன் பெரும்பாலான மாதிரிகளில் 30 கோடி டன்னை ஒட்டியே இருந்தது. ஆனால் அடுக்குமண்டலத்திலிருந்து ஆண்டுதோறும் இறங்குவது ஒரு மாதிரியில் ஏறக்குறைய 40 கோடி டன், இன்னொன்றில் 140 கோடி டன்னுக்கும் மேல். வேதிவினைகளின் நிகர விளைவு சிலவற்றில் வரவு, சிலவற்றில் செலவு. அதாவது 1973இல் தொடங்கிய வழக்கில் மாதிரிகள் இரு தரப்பிலும் சாட்சி சொல்லின. இருப்பை மட்டும் பார்த்தவருக்கு இது தெரிந்திராது.

2006இல் டேவிட் ஸ்டீவன்சனும் கூட்டாளர்களும் வெளியிட்ட ஒப்பாய்வு இத்துறையின் அடையாளக் கற்களில் ஒன்று. 26 மாதிரிகள் பங்கேற்றன. உமிழ்வுகள் முன்கூட்டியே வகுத்துத் தரப்பட்டன. 2000ஆம் ஆண்டு நிலைக்குக் கிடைத்த சராசரிக் கணக்கு இது: ஆண்டு உற்பத்தி ஏறக்குறைய 511 கோடி டன், வேதியழிவு 467 கோடி, தரையிலும் கடலிலும் படிவது 100 கோடி, அடுக்குமண்டல வரவு 55 கோடி, காற்றில் இருப்பு 34 கோடி, ஒரு மூலக்கூறின் சராசரி ஆயுள் 22 நாள். மாதிரிகளுக்கிடையே இருப்பின் விலகல் 12 விழுக்காட்டுக்கும் குறைவு.

ஐந்து ஆண்டுகளில் நல்ல முன்னேற்றம்தான். ஆனால் இவ்வெண்களை ஒரு கடைக்காரர் கணக்குப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். உற்பத்திக்கும் வேதியழிவுக்கும் உள்ள வேறுபாடு 44 கோடி டன். உற்பத்தியின் விலகல் ஏறக்குறைய 60 கோடி, அழிவின் விலகல் 70 கோடிக்கும் மேல். இரண்டு பெரிய எண்களைக் கழித்துப் பெறும் சிறிய எண் அவ்விரண்டின் விலகல்களுக்குள்ளேயே மூழ்கிவிடுகிறது. அடுத்து, 55 கோடி டன் அடுக்குமண்டல வரவு என்பது நேராகக் கணக்கிட்டு எடுத்த எண் அன்று. மற்ற மூன்றையும் கூட்டிக் கழித்து, கணக்கு நேராவதற்கு எவ்வளவு வேண்டுமோ அதை வரவாகக் கொண்டனர். கட்டுரையாளர்கள் இதை ஒளிக்கவில்லை. ஊகித்துப் பெற்ற அளவு என்றே குறித்துள்ளனர். பின்னர் அந்த எண்ணைப் பாடநூல்களிலும் விளக்கப்படங்களிலும் எடுத்தாள்பவர்கள் அக்குறிப்பை உதிர்த்துவிடுகின்றனர். அங்குதான் குற்றம்.

இருப்பு ஏன் இவ்வளவு ஒத்துப்போகிறது? ஏரிக்கு நீர்வரத்து கூடினால் கலிங்கு வழியே வெளியேறுவதும் கூடும். நீர்மட்டம் கொஞ்சமே உயரும். ஓசோனும் அப்படித்தான். உற்பத்தி கூடினால் ஓசோன் கூடும், ஓசோன் கூடினால் அதன் ஒளிச்சிதைவும் படிவும் கூடும். வேதியியலே தன்னைத் திருத்திக்கொள்வதால், வரவும் செலவும் மிகவும் வேறுபட்ட இரு மாதிரிகள் ஏறக்குறைய ஒரே இருப்பில் வந்து நிற்க முடியும். இதோடு மனிதர் கையும் உண்டு. மின்னலால் உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடின் அளவு ஆண்டுக்கு 20 லட்சம் டன் நைட்ரஜனிலிருந்து 80 லட்சம் டன் வரை இருக்கலாம் என்பதே பொதுவான மதிப்பீடு. இவ்வளவு அகலமான வாயில் திறந்திருக்கும்போது, பலூன் அளவீடுகளுக்குப் பொருந்தும் ஓர் எண்ணை அதற்குள் தேர்ந்துகொள்வது எளிது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவொன்று 2007இல் இந்த வேறுபாடுகளின் காரணத்தையே தனியாக ஆராய்ந்தது. நைட்ரஜன் ஆக்சைடு உமிழ்வின் அளவு, ஐசோபிரீன் போன்ற கரிமச் சேர்மங்கள் சேர்க்கப்பட்டனவா இல்லையா, அடுக்குமண்டல வரவு ஆகிய மூன்றுமே உற்பத்தி வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்பது அவர்கள் கண்டது. என் பார்வையில், எத்தனை மாதிரிகள் ஒத்துப்போயின என்று எண்ணிச் சொல்லும் கட்டுரைகளைவிட இத்தகைய கட்டுரையே பயன் மிக்கது.

பெட்டிச் சோதனை

ஒப்பாய்வு முறைகளில் மிக எளியது பெட்டி மாதிரி. காற்றோட்டம், மழை, நிலப்பரப்பு எதுவும் கிடையாது. ஒரு பெட்டிக் காற்று, அதற்குத் தொடக்க அளவுகள், சூரியன். 1990களின் நடுவில் ஐபிசிசிக்காக நடந்த ஃபோட்டோகாம்ப் ஒப்பாய்வு இம்முறையைக் கையாண்டது. கடல்மேல் காற்று, நிலத்தின்மேல் காற்று, உயர்காற்று, புகைக்கற்றை என வகைவகையான நிலைகளை எல்லாக் குழுக்களுக்கும் ஒரே மாதிரி கொடுத்தனர். 1997இல் வெளியான முடிவுகள், ஒளிச்சிதைவு வீதங்களே வேறுபாட்டுக்கு முக்கிய காரணங்களில் ஒன்று எனக் காட்டின. வேதியியலைப் பற்றி வாதாடுவதற்கு முன், ஒரே சூரியன்கீழ் நிற்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது!

அந்த எளிமை இன்று பழையபாணியாகத் தோன்றலாம். ஆனால் ஒரு வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று கைகாட்டும் ஆற்றல் அதற்கு இருந்தது. பிற்கால உலகளாவிய ஒப்பாய்வுகளில் காற்று, மேகம், உமிழ்வு, படிவு, வேதியியல் எல்லாம் ஒருசேர மாறுவதால், இரு மாதிரிகள் வேறுபட்டால் எதைக் குற்றம் சொல்வது என்று தெரிவதில்லை. ஒத்துப்போனால் எதைப் பாராட்டுவது என்றும் தெரிவதில்லை.

வினைத்தொகுதிகளை ஒப்பிடும்போது பெட்டிச் சோதனையின் அருமை நன்கு விளங்கும். இங்கிலாந்தின் லீட்ஸில் உருவான மாஸ்டர் கெமிக்கல் மெக்கானிசம் ஏறக்குறைய 17,000 வினைகளைக் கொண்டது. 1989இல் வெளியான நான்காம் கார்பன் பாண்ட் தொகுதியில் வினைகள் 81 மட்டுமே. அது மூலக்கூறுகளைத் தனித்தனியாக எண்ணாமல், அவற்றிலுள்ள கார்பன் பிணைப்பு வகைகளைக் கூட்டிப் பார்க்கிறது. கணினி நேரத்தைச் சேமிக்க இது தேவையான சுருக்கம்தான். எம்மர்சனும் எவான்ஸும் 2009இல் உலகளாவிய மாதிரிகளில் பயன்படும் சுருக்கத் தொகுதிகளை விரிவான தொகுதியோடு ஒப்பிட்டனர். ஓசோன் அளவில் வேறுபாடு பெரிதில்லை. இரவில் நடக்கும் வேதியியலில், குறிப்பாக நைட்ரேட் தனி உறுப்பில், வேறுபாடு பெரிது. இங்கும் அதே கதை: எல்லோரும் பார்க்கும் எண்ணில் இணக்கம், பின்னால் இருப்பதில் பிணக்கு.

ஐசோபிரீன் இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. மரங்கள் ஆண்டுக்கு 50 கோடி டன் அளவில் இதை வெளியிடுகின்றன. இதன் ஆக்சிஜனேற்றத்தில் ஒரு சிறு பங்கு நைட்ரஜன் ஆக்சைடைக் கரிம நைட்ரேட்டாகப் பிடித்துவைக்கிறது. அந்த நைட்ரேட் பின்னர் உடைந்து நைட்ரஜன் ஆக்சைடைத் திருப்பித் தருமா, அல்லது மண்ணில் படிந்து மறையுமா? சில மாதிரிகள் முழுவதும் திரும்பும் என்றன, சில சிறிதும் திரும்பாது என்றன. உலகம் வெப்பமாகி ஐசோபிரீன் கூடினால் ஒரு காட்டுப்பகுதியில் ஓசோன் கூடுமா குறையுமா என்பதே இந்த ஒரு முடிவைப் பொறுத்து மாறியது. இன்றைய ஓசோன் அளவைச் சரியாகக் காட்டும் இரு மாதிரிகள் நாளைய ஓசோனைப் பற்றி எதிரெதிராகச் சொல்லின.

சராசரியின் கவர்ச்சி

பல மாதிரிகளின் சராசரி, எந்தத் தனி மாதிரியையும்விடப் பொதுவாக அளவீடுகளுக்கு நெருக்கமாக இருக்கிறது. இது பலமுறை கண்ட உண்மை. ஒருவர் மிகையும் இன்னொருவர் குறையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. ஆனால் எல்லோரும் ஒரே பிழையைச் செய்தால் சராசரி அதைக் கழிக்காது. நிலத்தில் ஓசோன் படிவதைக் கணக்கிடப் பெரும்பாலான மாதிரிகள் வெஸ்லி 1989இல் தந்த முறையையோ அதன் வழிவந்ததையோ பயன்படுத்துகின்றன. வினைவீதங்களும் இரண்டொரு பொதுத் தொகுப்புகளிலிருந்தே வருகின்றன. உமிழ்வுப் பட்டியலும் பொது. 15 மாதிரிகள் என்று சொல்லும்போது 15 தனிச் சாட்சிகள் என்று கொள்ளக்கூடாது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் பலர் அதில் உண்டு.

2013இல் வெளியான ஆக்மிப் ஒப்பாய்வில் 15 மாதிரிகள் பங்கேற்றன. 2000ஆம் ஆண்டுக்கான இருப்பு 33.7 கோடி டன், விலகல் 2.3 கோடி. 2006ஐவிட இறுக்கமான இணக்கம். ஆனால் பலூன் அளவீடுகளோடு ஒப்பிட்டபோது வட அரைக்கோளத்தில் மிகையாகவும் தென் அரைக்கோளத்தில் குறைவாகவும் காட்டும் போக்கு தெரிந்தது. வடக்கின் மிகையும் தெற்கின் குறையும் சேர்ந்து உலக மொத்தத்தைச் சரியாக்கிவிடுகின்றன. இதே மாதிரிகளின் மீத்தேன் ஆயுள் சராசரி 9.7 ஆண்டு, விலகல் 1.5 ஆண்டு. ஓசோனில் 7 விழுக்காட்டு விலகலுடன் நிற்பவை, அந்த ஓசோனிலிருந்தே பிறக்கும் ஹைட்ராக்சிலைச் சார்ந்த அளவில் 15 விழுக்காடு விலகுகின்றன.

கட்டத்தின் அளவும் பொதுப்பிழைக்கு ஒரு காரணம். ஒரு பாகைக்கு ஏறக்குறைய 110 கி.மீ.; 2.8 பாகைக் கட்டம் 300 கி.மீ. அகலம். சென்னையும் பெங்களூரும் நேர்க்கோட்டில் 290 கி.மீ. தொலைவுதான். இரண்டும், இடையிலுள்ள காடும் வயலும், ஒரே கட்டத்துக்குள் ஒரே காற்றாகக் கலந்துவிடலாம். நகர மையத்தில் ஓசோனை அழிக்க வேண்டிய நைட்ரிக் ஆக்சைடு கட்டம் முழுதும் நீர்த்துப்போய், ஓசோனை உருவாக்கும் பொருளாக மாறிவிடுகிறது. தெற்காசியாவின் தரையளவு ஓசோனை இம்மாதிரிகள் பொதுவாக மிகையாகக் காட்டுவதற்கு இது ஒரு பங்குக் காரணம். முழுக் காரணம் அன்று: கோடையில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் மாதிரிகள் 10 பிபிபிக்கு மேல் மிகை காட்டின. 2013ஆம் ஆண்டு விமான அளவீடுகளைக் கொண்டு 2016இல் வந்த ஓர் ஆய்வு, அந்நாட்டு உமிழ்வுப் பட்டியலே நைட்ரஜன் ஆக்சைடை மிகையாகக் காட்டுகிறது என்றது. பட்டியலைத் திருத்திய பிறகும் தரையில் மிகை முழுதும் நீங்கவில்லை. பிழையை மாதிரியிடமே தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு இது ஒரு பாடம். பட்டியலைத் திருத்தினால் போதும் என்று எண்ணியவர்களுக்கும்தான்.

அளவீடு என்னும் நடுவர்

மாதிரிகள் வேறுபட்டால் அளவீடு தீர்ப்புச் சொல்லும் என்று பாடத்தில் படிக்கிறோம். ஓசோனில் நடுவரும் ஒருமுறை கூண்டில் ஏற வேண்டியிருந்தது.

பாரிஸின் மோன்சூரி வானிலையகத்தில் 1876 முதல் ஏறக்குறைய 34 ஆண்டுகள் வேதிமுறையில் ஓசோன் அளக்கப்பட்டது. ஃபோல்ஸ், கிளே இருவரும் அக்கருவியைத் திரும்ப அமைத்துச் சோதித்து, அக்காலத்து அளவு 10 பிபிபியை ஒட்டியது என்று 1988இல் அறிவித்தனர். இது சரியெனில் வடகோளத்துத் தரையளவு ஓசோன் ஒரு நூற்றாண்டில் மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்துள்ளது. மாதிரிகள் எவ்வளவு முயன்றும் இவ்வளவு தாழ்ந்த பழைய அளவை எட்டவில்லை. 2001இல் ஒரு குழு மின்னல், மண் ஆகியவற்றின் உமிழ்வைக் குறைத்து, தாவர உமிழ்வைக் கூட்டி, பழைய எண்ணுக்குப் பொருந்தும்படி செய்து பார்த்தது. 2014இல் பாரிஷும் கூட்டாளர்களும் மூன்று மாதிரிகளைச் சோதித்து, 1950களுக்குப் பிந்தைய உயர்விலும் ஏறக்குறைய பாதியையே அவை காட்டுகின்றன என்றனர். மாதிரிகளின் மேல் சந்தேகம் வலுத்தது.

2019இல் லாரன்ஸ் யங்கின் குழு வேறு வழியில் வந்தது. பனிப்பாறைகளில் சிக்கிய பழங்காற்றில், இரண்டு கனமான ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுகளின் விகிதத்தை அளந்தனர். அவ்விகிதம் பழைய ஓசோன் வேதியியலின் சுவட்டைத் தாங்கியிருக்கிறது. 1850 முதல் 2005 வரை அடிவளிமண்டல ஓசோன் உயர்வு 40 விழுக்காட்டுக்கும் குறைவு என்பது அவர்கள் முடிவு. இது மாதிரிகள் சொன்னதோடு பொருந்துகிறது. அதே ஆண்டு வந்த பழைய அளவீடுகளின் மறுமதிப்பீடும், வட மிதவெப்ப, துருவப் பகுதிகளின் தரையளவு உயர்வை 30 முதல் 70 விழுக்காடு என்று வரையறுத்தது. மூன்று மடங்கு என்ற பேச்சு அடங்கியது.

இதிலிருந்து மாதிரிகள் வென்றன என்று முடிவு கட்டுவது அவசரம். 40க்குக் குறைவு என்பது ஒரு மேல்வரம்பு. உள்ளே எந்த மாதிரி எந்தக் காரணத்தால் பொருந்துகிறது என்று அது பிரித்துச் சொல்வதில்லை. ஆனால் 2001இல் உமிழ்வுகளை மாற்றிப் பொருத்திக் காட்டிய முயற்சியை இன்று திரும்பிப் பார்த்தால் கொஞ்சம் சங்கடம்தான். நம்பத் தகாத ஓர் எண்ணுக்குக்கூட ஒரு மாதிரியை இணங்கவைக்க முடிந்திருக்கிறது.

குறைத்தால் என்ன ஆகும்

1970களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்கா நகர ஓசோனைக் குறைக்க எளிய மாதிரிகளைக் கொண்டு திட்டமிட்டது. கரிமச் சேர்மங்களைக் குறைப்பதே வழி என்று பெரும்பாலும் முடிவானது. 1988இல் சமீடிஸ் குழுவினர் அட்லாண்டாவை எடுத்துக்கொண்டு மரங்களின் ஐசோபிரீனைக் கணக்கில் சேர்த்தனர். வாகனங்களின் கரிமச் சேர்மங்களை எவ்வளவு குறைத்தாலும் மரங்கள் தருவதே ஓசோனுக்குப் போதும் என்றும், நைட்ரஜன் ஆக்சைடுகளையே குறைக்க வேண்டியிருக்கும் என்றும் தெரிந்தது. 1991இல் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் அறிக்கையும் கொள்கையை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. இடைப்பட்ட ஆண்டுகளின் செலவு, ஒரு சேர்மத்தை விட்டுவிட்டும் அன்றைய அளவைச் சரியாகக் காட்டிய மாதிரிகளால் வந்தது.

எனவே விளைவை நேரடியாகக் கேட்கும் ஒப்பாய்வுகளே இன்று அதிகம் தேவை. வட அமெரிக்கா, ஐரோப்பா, கிழக்காசியா, தெற்காசியா ஆகிய நான்கு பகுதிகளில் உமிழ்வை 20 விழுக்காடு குறைத்தால் ஒவ்வொன்றிலும் ஓசோன் எவ்வளவு மாறும் என்று 21 மாதிரிகளைக் கேட்ட, 2009இல் வெளியான ஆய்வு அவ்வகையில் முன்னோடி. அதன் குறை, விடையைச் சரிபார்க்க உண்மையான 20 விழுக்காட்டுக் குறைப்பு எங்கும் நடந்திருக்கவில்லை என்பதுதான்.

2020இல் அது நடந்தது. பொதுமுடக்கத்தால் வாகனங்கள் நின்று நைட்ரஜன் ஆக்சைடு சரிந்தபோது, சீனாவிலும் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் பல நகரங்களில் ஓசோன் உயர்ந்தது. அதே ஆண்டு வசந்தத்திலும் கோடையிலும், வடகோளத்தில் வெப்பமண்டலத்துக்கு வெளியே 1 முதல் 8 கி.மீ. உயரத்தில் ஓசோன் ஏறக்குறைய 7 விழுக்காடு குறைந்ததாகப் பலூன் அளவீடுகள் காட்டின. கீழே கூடியது, மேலே குறைந்தது. உலக மொத்த இருப்பை மட்டும் ஒப்பிடும் அட்டவணையில் இந்த இரண்டில் எதுவும் தனியே தெரியாது. இனிவரும் ஒப்பாய்வு ஒன்றைக் கையில் எடுக்கும் மாணவர், சராசரி இருப்பு எழுதியுள்ள வரியைத் தாண்டி, இந்த ஒரு ஆண்டில் எத்தனை மாதிரிகள் இரு திசைகளையும் சரியாகக் காட்டின என்ற வரி இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம்.